கை எட்டாத இடத்தில் நட்டும் போல்ட்டும்: விமானம் கட்டுவோருக்கு அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம் ஒன்று உருவாகி வருகிறது. நான் செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்தவன். ஆலையில் பெரிய இயந்திரங்களில் நட்டு முடுக்க இடம் தாராளமாக இருக்கும். விமானத்தில் அப்படி இல்லை. சிறகின் உள்ளே பெல்கிராங்க் (தண்டின் தள்ளலைத் திசை திருப்பும் நெம்புகோல்), இருக்கைக்கு அடியில் கட்டுப்பாட்டுத் தண்டு, வாலின் கடைசி அறை என்று எல்லாமே ஒரு கை மட்டும் நுழையும் இடங்கள். அந்தக் கையும் உள்ளே போனால் கண்ணுக்கு வழி இருக்காது. இங்கே உள்ளவை எங்கள் கொட்டகையிலும், தெரிந்த இளைஞர்கள் கட்டும் இடங்களிலும் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகள். உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறியைப் பார்த்து நேராக அந்தப் பகுதிக்குப் போய்விடலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியது

நம் ஊர் ஹார்ட்வேர் கடையில் கிடைப்பது மில்லிமீட்டர் அளவு. அமெரிக்க வடிவமைப்பில் வரும் விமானங்களுக்கு ஏஎன் வகை (அமெரிக்க விமானத் தரம்) அங்குல போல்ட்டு. இந்த இரண்டும் ஒரே பெட்டியில் கலந்துவிட்டால் கீழே உள்ள பாதிக் கோளாறுகள் தானாக வரும். ஏஎன்3 போல்ட்டின் விட்டம் 3/16 அங்குலம், அதாவது சுமார் 4.8 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 32 மரை. கடையில் வாங்கும் எம்5 போல்ட்டு 5 மில்லிமீட்டர், மரை இடைவெளி 0.8 மில்லிமீட்டர். மரை இடைவெளி ஏறக்குறைய ஒன்றே என்பதால் எம்5 நட்டு ஏஎன்3 போல்ட்டில் லேசாக ஏறிவிடும். ஏறியதும் சரியானது போலவே தெரியும், ஆனால் பிடிப்பு இருக்காது. எஃகு ஏஎன் போல்ட்டின் தலையில் சிலுவை அல்லது நட்சத்திரக் குறி இருக்கும். 8.8 என்று எண் பொறித்த தலை தெரிந்தால் அது கடைச் சரக்கு, விமானத்தின் பக்கமே வைக்காதீர்கள்.

ஸ்பேனரும் அப்படித்தான். ஏஎன்3 தலைக்கு 3/8 அங்குலம், ஏஎன்4 தலைக்கு 7/16 அங்குலம். ஆலைக் கருவிப் பெட்டியில் இருக்கும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் 3/8 தலையில் ஆடும். கண் எட்டாத இடத்தில் அது முனையை வழித்துவிட்டால் அப்புறம் கழற்ற வழியில்லை.

அறிகுறி: வாஷர் இடத்தில் நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கிறது

எல்லோருக்கும் வரும் கோளாறு இதுதான். முக்கியமாக ராட் எண்ட் பேரிங்கின் (தண்டின் முனையில் உருண்டையோடு இருக்கும் மூட்டு) இரண்டு பக்கமும் வாஷர் வைத்து, அதை ஒரு பிராக்கெட்டின் இரு காதுகளுக்கு இடையே செருகும் இடத்தில். இரண்டு வாஷர், ஒரு பேரிங், ஒரு போல்ட்டு, எல்லாத் துளைகளும் ஒரே நேரத்தில் நேராக வர வேண்டும். அதற்குள் போகும் விரல்களோ இரண்டுதான்.

*விரலால் பிடித்துத் தள்ளுகிறீர்களா?* அதை விடுங்கள். ஒரு ஈர்க்கு எடுங்கள். செம்பனைத் தோட்டத்து ஊரில் அதற்குப் பஞ்சமில்லை, விளக்குமாற்றிலிருந்து உருவினாலும் சரி. காய்ந்து நொறுங்குவதை எடுக்காமல், வளைத்தால் வளையும் பச்சை ஈர்க்காக எடுங்கள். போல்ட்டு வர வேண்டிய வழியில் ஈர்க்கை விட்டு, பிராக்கெட்டின் முதல் காதுக்குள் நுனி எட்டிப் பார்த்ததும் அதில் வாஷரைக் கோத்துவிடுங்கள். அடுத்து ராட் எண்ட், அடுத்து இரண்டாவது வாஷர், கடைசியில் இரண்டாவது காது. ஈர்க்கு அலுமினியத்தைக் கீறாது. கம்பியைவிட நான் இதை விரும்புவது அதனால்தான். முடிந்ததும் ஈர்க்கு முழுதாக வெளியே வந்ததா என்று அளந்து பாருங்கள்.

*ஈர்க்கில் கோத்தும் துளைகள் விலகுகின்றனவா?* ஈர்க்கு மெலிசு, வாஷரைத் தாங்கும், ஆனால் நடுவில் நிறுத்தாது. அதற்கு ஒரு வழிகாட்டி முளை செய்துகொள்ளுங்கள். பயன்படாத ஏஎன்3 போல்ட்டு ஒன்றின் தலையையும் மரையையும் வெட்டி, ஒரு முனையைப் பென்சில் கூர் மாதிரி ராவி மழமழவென்று தேய்த்தால் போதும். நட்டு வரும் பக்கத்திலிருந்து முளையை விட்டு எல்லாவற்றையும் அதில் கோத்துவிடுங்கள். பிறகு மறுபக்கத்திலிருந்து உண்மையான போல்ட்டை வைத்துத் தள்ளினால் முளை பின்வாங்கிக்கொண்டே போகும், போல்ட்டு அதன் இடத்தைப் பிடிக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டபடியே நகர வேண்டும், நடுவில் இடைவெளி விட்டால் வாஷர் அதில் இறங்கிவிடும். முளை வந்து விழும் பக்கத்தில் ஒரு கை தயாராக இருக்கட்டும்.

*விரலே போகாத இடமா?* 0.8 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டில் ஒரு நீளப் பட்டை வெட்டி, நுனியில் வாஷரின் விட்டத்துக்கு அரைவட்டம் ராவுங்கள். சாதாரண ஏஎன்960-10 வாஷர் ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் கனம். பட்டை அதைவிட மெல்லியதாக இருந்தால்தான் பிறகு வெளியே உருவ முடியும். வாஷரை அரைவட்டத்தில் வைத்து, மேலே மெல்லிய ஒட்டுநாடாவால் பாலம் போட்டுக் கொண்டுபோங்கள். போல்ட்டு வாஷருக்குள் வந்ததும் பட்டையை இழுத்தால் நாடாவும் கூட வர வேண்டும். நாடாவின் துணுக்கு வாஷருக்கு அடியில் தங்கினால் அது நாளடைவில் நசுங்கி இறுக்கம் குறையும். ஆகவே வெளியே வந்த நாடாவை முழுதாக வந்ததா என்று பாருங்கள்.

*கிரீஸ் தடவி ஒட்டவைக்கலாமா?* வாஷரின் வெளி ஓரத்தில் பொட்டு மாதிரி வைக்கலாம். மரையில் படவே கூடாது. வரைபடத்தில் தரும் டார்க் (முடுக்கும் முறுக்கு விசை) அளவு எண்ணெய் இல்லாத உலர்ந்த மரைக்கானது. மரையில் கிரீஸ் இருந்தால் அதே அளவு முடுக்கும்போது போல்ட்டு அளவுக்கு மீறி இழுபடும். கையில் கிரீஸ் இருக்கும்போது அதே கையால் போல்ட்டை எடுத்துவிடுவோம், அங்கேதான் தப்பு நடக்கிறது. எனக்கு கிரீஸ் கடைசி வழி.

*இவ்வளவு செய்தும் நடக்கவில்லையா?* ராட் எண்டை எதிர்முனையில் கழற்றி, வெளியே மேசையில் வைத்துப் பூட்டி, தொகுதியாக உள்ளே கொண்டுபோக முடியுமா என்று வரைபடத்தைப் பாருங்கள். பல இடங்களில் முடியும். வாஷர் ஒன்றைக் குறைத்துவிட்டு முடிப்பது மட்டும் வேண்டாம். பேரிங்கின் உருண்டை கழன்றாலும் தண்டு நழுவாமல் தடுப்பதற்காகவே சில இடங்களில் அகலமான வாஷர் கேட்டிருப்பார்கள்.

அறிகுறி: நட்டு மரையைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது

முதலில் கோணம். குருட்டுக் கையால் வைக்கும் நட்டு எப்போதும் சாய்ந்தே இருக்கும். நட்டை இடப்பக்கமாக, கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். மரை முனை ஒன்றோடொன்று சந்திக்கும்போது சிறு "டிக்" விரலுக்குத் தெரியும். அந்த நொடியில் வலப்பக்கம் திருப்பினால் ஏறும். இது சின்ன விஷயம், ஆனால் இதனால் தீராத இடம் குறைவு.

நட்டு சாக்கெட்டின் உள்ளே அமுங்கிப்போகிறதென்றால், சாக்கெட்டுக்குள் சிறு காகித உருண்டை வைத்து நட்டு விளிம்போடு நிற்கும்படி செய்யுங்கள். ரிங் ஸ்பேனர் என்றால் பின்பக்கம் நாடா ஒட்டி நட்டை அதில் உட்கார வையுங்கள்.

இதற்கும் பிடிக்கவில்லையென்றால் போல்ட்டை வெளியே எடுத்து, அதே நட்டை வெளிச்சத்தில் விரலால் ஏற்றிப் பாருங்கள். நட்டு தானாகக் கழலாமல் பிடிக்க அதனுள் இருக்கும் நைலான் வளையம் தொடும்வரை தடையில்லாமல் ஓட வேண்டும். இரண்டாவது மரையிலேயே சிக்கினால் மரை அடிபட்டது. போல்ட்டையும் நட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். டை (போல்ட்டில் மரை வெட்டும் கருவி) போட்டு மரையைத் திருத்த நினைக்காதீர்கள், முலாம் போய் அங்கிருந்து துரு தொடங்கும். நம் ஊர் ஈரத்தில் அதற்கு அதிக நாள் ஆகாது.

அறிகுறி: நட்டு ஏறியது, பாதியில் நின்றுவிட்டது

நைலான் வளையத்தைத் தொடும் இடத்தில் கனமாவது இயல்பு. அங்கிருந்து கடைசிவரை ஒரே கனமாகப் போக வேண்டும். விரலால் மட்டுமே கடைசிவரை ஓடிவிடும் நைலான் நட்டு தேய்ந்தது, அதைத் தூக்கிப் போடுங்கள்.

திடீரென்று கல்லாக நிற்கிறதா? டார்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டி "கிளிக்" என்றதா? அப்படியானால் ஒரு சோதனை: நட்டுக்கு அடியில் உள்ள வாஷரை விரல் நுனியாலோ ஈர்க்காலோ தள்ளிப் பாருங்கள். வாஷர் சுற்றினால் நட்டு தகட்டை இறுக்கவில்லை. மரை முடிந்து, மரையில்லாத தண்டின்மேல் போய் முட்டிக்கொண்டிருக்கிறது. ரெஞ்சின் அளவு சரி, இறுக்கம் பூச்சியம். கண்ணாடி வைத்துப் பார்ப்பவருக்கும் இது சரியாக இருப்பது போலவே தெரியும், அதனால்தான் ஆபத்து. கண்ணுக்கு எட்டாத ஒவ்வொரு போல்ட்டிலும் இந்த வாஷர் சோதனையைச் செய்துவிடுங்கள். என்னோடு வேலை செய்யும் தம்பிகளிடம் நான் விடாமல் கேட்பதும் இதைத்தான்.

தீர்வு மலிவிலிருந்து: ஒரு வாஷர் கூட்டுங்கள். மொத்தம் மூன்றுக்கு மேல் போகாதீர்கள். மூன்றும் போதாதென்றால் நீளத்தில் ஒரு அளவு குறைந்த போல்ட்டு. இங்கே எண்ணைக் கவனியுங்கள். ஏஎன்3-5ஏ என்றால் நீளம் 5/8 அங்குலம், ஏஎன்3-7ஏ என்றால் 7/8. அடுத்து வருவது 8 அல்ல, 10. அதுதான் ஒரு அங்குலம். 11 என்றால் ஒன்றே கால் அல்ல, ஒன்றும் எட்டில் ஒன்றும். கடைசியில் உள்ள ஏ எழுத்து, கோட்டர் பின் (நட்டு சுழலாமல் குறுக்கே செருகும் பிளவு ஊசி) துளை இல்லை என்பதைக் குறிக்கிறது.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. போல்ட்டு முனை நட்டைத் தாண்டி ஒரு மரையாவது வெளியே தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் நகத்தால் தடவுங்கள். நைலான் மட்டும் வழுவழுப்பாக அகப்பட்டால் போல்ட்டு குட்டை. கனமான வாஷரை எடுத்துவிட்டு மெல்லிய 10எல் வாஷர் போட்டால் சில இடத்தில் சரியாகும். இல்லையென்றால் அடுத்த நீளம்.

எஞ்சின் அறைக்குள் சூடான இடங்களில் நைலான் நட்டே கூடாது. 121 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது பிடி விட்டுவிடும், அங்கே முழு உலோகப் பூட்டு நட்டு.

அறிகுறி: போல்ட்டு துளைக்குள் போகவில்லை

எங்கள் பக்கத்தில் முதலில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியது மண் குளவி. இரவு திறந்து கிடந்த துளையில் அது மண் வைத்துவிடும். குச்சியால் குத்தி உதிர்த்து, தூசு உறிஞ்சியால் எடுங்கள். ஈர மண் அலுமினியத்தோடு கிடப்பது நல்லதல்ல. வேலை முடிந்ததும் திறந்த துளைகளுக்கு நாடா ஒட்டிவிட்டுப் போனால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது பிரைமர் பெயின்ட். துளையின் உள்சுவரில் படிந்த பெயின்ட்டை அதே அளவு ரீமரை (துளையைத் துல்லியமாகச் சீர்செய்யும் கருவி) கையால் சுற்றி எடுக்கலாம். மின் துரப்பணம் வேண்டாம். மூன்றாவது, துளைகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்பது. மேலே சொன்ன வழிகாட்டி முளையை விட்டு, பாகத்தை லேசாக ஆட்டிப் பாருங்கள். போல்ட்டையே சுத்தியலால் அடித்து வழி உண்டாக்கினால் துளை நீள்வட்டமாகும், மரையும் போகும்.

போல்ட்டுக்கு நேராக உள்ளே வர இடமே இல்லையென்றால் எதிர்ப்பக்கமிருந்து விட முடியுமா என்று தோன்றும். தலை மேலே அல்லது முன்னே இருப்பது வழக்கம். நட்டு கழன்றாலும் போல்ட்டு விழாமல் இருக்கட்டும் என்பதற்காக. திருப்பிப் போட வேண்டிய இடத்தில் முனை வேறு ஏதாவது அசையும் பாகத்தில் உரசுகிறதா என்று கட்டுப்பாட்டுத் தண்டை முழு வீச்சுக்கு ஆட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகு வடிவமைப்பாளரிடம் எழுதிக் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள்.

*இங்கே நிறுத்துங்கள்:* சிறகின் பிரதான ஸ்பாரை (சிறகைத் தாங்கும் நீள உத்தரம்) உடற்பகுதியோடு சேர்க்கும் துளைகள் பொருந்தவில்லையென்றால் ரீமரைக்கூடத் தொடாதீர்கள். கிட் (விமானப் பாகத் தொகுப்பு) தயாரித்தவருக்குப் படத்தோடு எழுதுங்கள், உரிமம் பெற்ற விமானப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அந்தத் துளை ஒருமுறை பெரிதானால் விலை முழு ஸ்பார்.

அறிகுறி: டார்க் ரெஞ்ச் அந்த இடத்துக்குள் நுழையவில்லை

ஏஎன்3க்கு 20 முதல் 25 அங்குல-பவுண்டு, சுமார் 2.3 முதல் 2.8 நியூட்டன் மீட்டர். ஏஎன்4க்கு 50 முதல் 70 அங்குல-பவுண்டு, சுமார் 5.6 முதல் 7.9. இவை சாதாரண இழுவை நட்டுகளுக்கு. பக்கவாட்டு விசை மட்டும் வரும் இடத்துக்கான மெல்லிய ஷியர் நட்டுகளுக்கு இதைவிடக் குறைவு. லாரி டயருக்கு வைத்திருக்கும் ரெஞ்ச் இந்த அளவைக் காட்டவே காட்டாது, கால் அங்குல டிரைவ் ரெஞ்ச் தேவை.

நைலான் நட்டைச் சும்மா சுற்றவே கொஞ்சம் விசை ஆகும். தகட்டைத் தொடுவதற்கு முன் அதை அளந்து, வரைபட அளவோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

நேராக நுழையாத இடத்தில் காக்கைக்கால் ஸ்பேனரை (பிடியில்லாத, ஸ்பேனர் வாய் மட்டும் உள்ள துண்டு) ரெஞ்சின் முனையில் மாட்டலாம். ரெஞ்சுக்குச் செங்குத்தாக மாட்டினால் அளவை மாற்ற வேண்டியதில்லை. நேர்கோட்டில் நீட்டி மாட்டினால் கை நீளம் கூடுகிறது, அளவைக் குறைக்க வேண்டும். பிடியின் நடுவிலிருந்து டிரைவ் வரை 250 மில்லிமீட்டர், காக்கைக்கால் கூட்டும் நீளம் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நைலானின் விசையையும் சேர்த்து நட்டில் 28 அங்குல-பவுண்டு வேண்டும். 28ஐ 250ஆல் பெருக்கி 280ஆல் வகுத்தால் 25. ரெஞ்சை 25இல் வையுங்கள்.

நட்டுப் பக்கம் எதுவுமே நுழையாது, தலையைத்தான் சுற்ற முடியும் என்றால், போல்ட்டு துளைக்குள் உரசும் விசையையும் அளந்து கூட்டுங்கள். முடித்ததும் டார்க் குறி பெயின்ட் ஒரு கோடு. கை எட்டாத இடத்தில் பிறகு ஆய்வு செய்பவருக்கு அந்தக் கோடு ஒன்றுதான் தெரியும்.

அறிகுறி: கோட்டர் பின் துளை நட்டின் வெட்டோடு பொருந்தவில்லை

அசையும் மூட்டுகளில் போல்ட்டு சுழல வாய்ப்புள்ள இடத்தில் நைலான் நட்டு போதாது, காசல் நட்டும் (மேல் விளிம்பில் வெட்டுகள் உள்ள நட்டு) கோட்டர் பின்னும் வேண்டும். போல்ட்டை உள்ளே விடும் முன்பே, துளை எந்தத் திசையில் இருக்கிறதோ அதே திசையில் முனையிலும் தலையிலும் மார்க்கரால் கோடு போடுங்கள். அப்போது வெளியே தலையைப் பார்த்தே உள்ளே துளை எந்தப் பக்கம் என்று தெரியும், பின்னை நுழைக்க வசதியான பக்கமாகத் திருப்பிவிடலாம்.

குறைந்த அளவுக்கு முடுக்கியும் வெட்டு பொருந்தவில்லையென்றால் அதிகபட்ச அளவுவரை மெல்ல முடுக்கிப் பாருங்கள். அதற்குள் வராவிட்டால் வாஷரைக் கனமானதிலிருந்து மெல்லியதாக, அல்லது நேர்மாறாக மாற்றுங்கள். நட்டைத் தளர்த்திப் பொருத்துவது கூடாது.

அறிகுறி: நட்டுப் பிளேட்டில் திருகு சிக்கிக்கொண்டது

நட்டுப் பிளேட் என்பது தகட்டில் ரிவெட் அடித்து நிலையாக நிறுத்திய நட்டு. புது நட்டுப் பிளேட்டின் மரை வேண்டுமென்றே சற்று நசுக்கப்பட்டிருக்கும், பூட்டு அதுதான். ஆகவே முதல் தடவை கடினமாகத்தான் போகும். மூடியை வைப்பதற்கு முன் ஒவ்வொரு பிளேட்டிலும் தேன்மெழுகு தொட்ட திருகு ஒன்றை ஏற்றி இறக்கிவிடுங்கள். டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) விட்டு மரையை முழுதாகத் திறந்துவிட்டால் எளிதாகப் போகும், ஆனால் பூட்டு போய்விடும்.

திருகும் நகராமல் தலையும் வழியத் தொடங்கினால் உடனே நிறுத்தி, புது முனை மாற்றி, அழுத்தத்தைக் கூட்டி மெதுவாகக் கழற்றுங்கள். திருகோடு பிளேட்டும் சேர்ந்து சுற்றுகிறதென்றால் அதைப் பிடித்திருக்கும் சிறு ரிவெட்டுகள் அறுந்துவிட்டன. பக்கத்துத் துளை வழியாக மர ஆப்பு கொடுத்துப் பிளேட்டை நிறுத்தப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் திருகுத் தலையை மட்டும் துளைத்து எடுத்து, மூடியைக் கழற்றி, பிளேட்டை மாற்றுங்கள். எரிபொருள் தொட்டியின் மூடியில் இது நடந்தால் நீங்கள் துளைக்காதீர்கள். உலோகத் தூள் தொட்டிக்குள் விழும். பொறியாளரை அழையுங்கள்.

அறிகுறி: ஏதோ விழுந்தது, எங்கே போனது என்று தெரியவில்லை

கையை அசைக்காமல் அப்படியே இருங்கள். சத்தம் எங்கே நின்றது என்று நினைவுபடுத்துங்கள். முதலில் காந்தக் குச்சி. எஃகு போல்ட்டும் நட்டும் ஒட்டும். அலுமினிய ரிவெட்டும் துரு ஏறாத எஃகு வாஷரும் ஒட்டாது. அவற்றுக்கு தூசு உறிஞ்சியின் குழாயில் பழைய காலுறைத் துணியைக் கட்டி உறிஞ்சுங்கள், பொருள் துணியில் வந்து நிற்கும். அடுத்து கைப்பேசியில் மாட்டும் குழாய் கேமரா. அதுவும் காட்டவில்லையென்றால் இரண்டு பேர் சேர்ந்து உடற்பகுதியைச் சாய்த்து, ஒவ்வொரு அறையாகத் தட்டிக் கேளுங்கள்.

எடுத்துச் சென்றதை எண்ணி ஒரு தட்டில் வைத்துத் தொடங்கியிருந்தால், விழுந்தது ஒன்றா இரண்டா என்ற சந்தேகம் வராது. கிடைக்காதவரை அந்த அறையை மூடக் கூடாது. தொலைந்த ஒரு நட்டு பெல்கிராங்குக்கும் அதன் தடுப்புக்கும் நடுவில் போய் உட்கார்ந்தால் ஆகாயத்தில் ஸ்டிக் திரும்பாது. நாளை தேடலாம் என்று மூடிவைக்கப்பட்ட அறையை நாளை யாரும் திறப்பதில்லை. வெளியே சிவப்பு நாடா ஒட்டி, என்ன விழுந்தது என்று அதன்மேலேயே எழுதிவிடுங்கள்.

அறிகுறி: ரிவெட் இழுப்பானின் தலை மூலைக்குள் போகவில்லை

வடிவமைப்பாளர் பாப் ரிவெட் (ஒரே பக்கமிருந்து ஊசியை இழுத்துப் பூட்டும் ரிவெட்) அனுமதித்த இடத்தில் மட்டும் இது. ஆப்பு வடிவில் ராவிய எஃகுத் துண்டில் துளையிட்டு, ரிவெட்டின் ஊசியில் கோத்து, ஊசியை லேசாக வளைத்துச் சாய்வாக இழுக்கலாம். ரிவெட்டின் தலை தகட்டோடு ஒட்டி உட்கார்ந்ததா என்று மெல்லிய காகிதத்தை விட்டுப் பாருங்கள். காகிதம் அடியில் நுழைந்தால் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி. திட ரிவெட் கேட்டிருக்கும் இடத்தில் உங்கள் வசதிக்காக பாப் ரிவெட் போடுவதென்றால் முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பொறியாளர் வருகிறார் என்றால்

ஈப்போவிலிருந்தோ சுபாங்கிலிருந்தோ ஒருவர் நேரம் ஒதுக்கி வருவது எளிதல்ல. அவர் வரும் நாளில் அந்த இடத்தை மறைக்கும் மூடிகளையும் இருக்கையையும் முன்பே கழற்றி வையுங்கள். வரைபடத்தின் அந்தப் பக்கம், போட்ட போல்ட்டின் எண், கழற்றிய பழைய போல்ட்டும் நட்டும், நீங்கள் வைத்த டார்க் அளவு, குழாய் கேமராவில் எடுத்த படங்கள் எல்லாம் மேசைமேல் இருக்கட்டும். எதையெல்லாம் முயன்றீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள், முக்கியமாக ரீமரோ துரப்பணமோ விட்டிருந்தால். அவர் பார்த்து முடிக்கும்வரை அந்தப் போல்ட்டை மறுபடி முடுக்கவோ தளர்த்தவோ வேண்டாம்.